கிராஞ்சியில் ஒரு குளிர்காலம்

சென்ற மாதம் உங்கள் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். பயிர்களைத் தாக்கும் சிலந்திப்பேன்கள் குளிர்காலத்தில் எவ்வாறு உறங்குகின்றன, அந்த உறக்கம் நாட்டுக்கு நாடு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பொறுமையாக விளக்கினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் கையை உயர்த்தினார். "சார், இங்கதான் விண்ட்டரே இல்லையே. இந்தச் சாப்டர் டெஸ்ட்ல வருமா?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. ஏற்பாட்டாளர் உடனே எழுந்து, தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அறிவித்து என்னைக் காப்பாற்றினார். அல்லது அந்த இளைஞரைக் காப்பாற்றினார்.

அன்று நான் விடை சொல்லவில்லை. எரிச்சலில் சொல்லும் விடை சரியாகவே இருந்தாலும் கேட்பவர் காதில் ஏறுவதில்லை. ஆகவே எழுத்தில் சொல்கிறேன். எழுத்தை இடைமறித்துச் சிரிக்க முடியாது.

"சிங்கப்பூரில் ஏது குளிர்காலம்?" என்ற வாக்கியத்தை என் பணிக்காலம் முழுவதும் கேட்டு அலுத்துப்போயிருக்கிறேன். மாணவர்கள் கேட்டார்கள், மருந்து விற்பவர்கள் கேட்டார்கள், என்னைவிடப் பெரிய நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களும் கேட்டார்கள். புக்கிட் பாஞ்சாங்கில் என் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் ஏறுகிறவர்கள், மெத்தையில் இருக்கும் பேனுக்கு எந்த ஸ்ப்ரே நல்லது என்று கேட்பார்கள். நான் மெத்தைக்காரன் அல்லன், பயிர்க்காரன் என்றால், எல்லாம் பூச்சிதானே என்பார்கள். எட்டுக் கால் உள்ளது பூச்சியன்று என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்களுடைய தளம் வந்துவிடும். அவர்களை மன்னித்துவிடுகிறேன். இத்துறையில் சம்பளம் வாங்கப்போகும் உங்களை மன்னிப்பதாக இல்லை.

அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சிலந்திப்பேன் நாள்காட்டி பார்ப்பதில்லை. தன் இளம் பருவத்தில் மேலே விழும் பகலின் நீளத்தையும் இரவின் நீளத்தையும் பார்க்கிறது. பகல் குறுகி, குளிரும் சேர்ந்துகொண்டால், அப்போது வளர்ந்து வரும் பெண் பேன் முட்டையிடுவதில்லை, இலையை உறிஞ்சுவதுமில்லை. பச்சை உடலின் இருபுறமும் இருக்கவேண்டிய கரும்புள்ளிகள் அதற்கு இருப்பதில்லை. பழுத்த பப்பாளியின் நிறம் ஏறி, ஏதேனும் ஒரு வெடிப்புக்குள் போய் ஒடுங்கிவிடும். அந்த நிலையில் மருந்தும் அதை எளிதில் கொல்லாது.

ஆனால், எவ்வளவு குறுகினால் அது குறுகிய பகல் என்பதற்கு உலகம் முழுவதற்குமான ஒரே அளவு கிடையாது. பனி சீக்கிரமாக வந்துவிடும் வடநாடுகளில் வாழும் பேன், பகல் சற்றே குறையத் தொடங்கியதும் படுத்துவிடும். தெற்கே வர வர அது தாமதிக்கும். அதே அட்சரேகையில் மலைமேல் இருப்பது முந்திக்கொள்ளும்; மிதமான கடலோரத்தில் இருப்பது அரைகுறையாக உறங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்வது உறங்கவே உறங்காது. ஒரே இனம்தான், வழக்கம் ஊருக்கு ஊர் வேறு. பிறந்த ஊரின் வழக்கத்தை அது எங்கே போனாலும் உடம்போடு கொண்டுபோகிறது. நம் ஊர் வெக்கையில் அந்த வழக்கம் வெளிப்படாது, அவ்வளவே. வெளிப்படாதது இல்லாததாகிவிடாது. இதைப் புரிந்துகொள்ள மறுத்ததால் ஒரு மனிதருக்கு நேரவிருந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெற்று, ஆலோசனைக்கு மட்டும் அழைக்கப்பட்டுவந்த காலம் அது. கிராஞ்சியில் ஒரு பூப்பண்ணை, குளிரூட்டப்பட்ட ஒரு பெரிய கண்ணாடிக் குடிலில் சாமந்தி வளர்த்துவந்தது. லிட்டில் இந்தியாவின் மாலைக் கடைகளுக்குச் சாமந்தி விமானத்தில் வந்து வாடி இறங்குகிறது. நாம் காலையில் வெட்டிக் காலையிலேயே கொடுத்தால் என்ன என்பது அவர்கள் திட்டம். நல்ல திட்டம். வேர்விட்ட குச்சிகளை வடக்கே ஒரு குளிர்நாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

பண்ணை மேலாளர் சந்திரன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல உழைப்பாளி, எதையும் மதிய உணவுக்கு முன் முடித்துவிடவேண்டும் என்று நினைப்பவர். அவர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, என் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார்.

முதல் நடவில் சிலந்திப்பேன் வந்தது. மருந்து அடித்தார்கள், பூக்கும் காலம் வந்தபோது ஒன்றுகூட இல்லை. மகிழ்ந்தார்கள். அடுத்த நடவு இளசாக இருக்கும்போதே மீண்டும் வந்தது. மீண்டும் மருந்து, மீண்டும் மாயம், மீண்டும் மகிழ்ச்சி. மூன்றாவது நடவிலும் வந்ததும் தலைமை அலுவலகம் காரணம் கேட்டது. சந்திரன் தேடினார். பம்ப் அறைக்குப் பின்னால், பழைய பெயின்ட் வாளிகளில், செல்வராசு என்ற தொழிலாளி ஒருவர் கத்திரிச் செடி வளர்த்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த இலைகளின் அடியில் சிவப்புப் பேன்கள் இருந்தன. குடிலுக்குள்ளும் சிவப்புப் பேன்கள். இரண்டு மாதிரிகளையும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். இரண்டும் இங்குள்ள சிவப்புச் சிலந்திப்பேனே என்று அன்றைக்கே அறிக்கை வந்துவிட்டது.

"அவன் சட்டையில ஒட்டிக்கிட்டு உள்ள வந்திருக்கு சார். வேலைய விட்டுத் தூக்கி ஊருக்கு அனுப்பறோம், வெள்ளிக்கிழமை அவனுக்கு ஃப்ளைட். ஹெட் ஆபீஸ்ல எக்ஸ்பர்ட் சைன் கேக்கறாங்க. ரிப்போர்ட்ட நான் வீட்டுக்கே அனுப்பிடறேன், நீங்க அலைய வேணாம்" என்றார்.

பார்க்காததில் கையெழுத்திடும் பழக்கம் எனக்கில்லை என்றேன். அவர் விட்ட பெருமூச்சு தொலைபேசியில் நன்றாகக் கேட்டது.

கிராஞ்சிக்குப் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே காத்திருப்பதுதான் பயணம். தொழிலாளர்களை ஏற்றிவரும் லாரியில் முன்னிருக்கை காலியாக இருப்பதாகச் சந்திரன் சொன்னார். லாரியில் போய் இறங்கும் ஆலோசகரின் சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கும் என்று யோசித்து மறுத்துவிட்டேன். வெயிலில் நடந்து, வியர்த்து, லாரியில் வந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய தோற்றத்தைவிட மோசமான தோற்றத்தில் போய்ச் சேர்ந்தேன்.

செல்வராசு சிப்பம் கட்டும் கொட்டகையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது. அந்தக் குடிலின் இரும்புச் சட்டங்களை நிறுத்திய நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவர். குடிலுக்குள் போகக்கூடாது என்று அவருக்கு உத்தரவாகியிருந்தது. நான் யார் என்று கேட்டறிந்ததும் எழுந்து நின்றார்.

"கத்திரி வச்சது நான்தான் சார். வைக்கக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு, அதுவும் படிச்சிருக்கேன். தங்கியிருக்கற டார்மிட்டரில குடுக்கற சாப்பாட்டத் தின்னு நாக்கு செத்துப்போச்சு, அதான். அதுக்கு அனுப்பறதுன்னா அனுப்பட்டும். ஆனா பேனக் கொண்டாந்து பண்ணைய அழிச்சவன்னு எழுதி அனுப்பாதீங்க சார். அத எழுதிட்டா அப்புறம் எந்தப் பண்ணையில என்னச் சேப்பாங்க?"

நான் எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஒருவரைப் பார்த்ததும் இரங்கி அவருக்குச் சாதகமாகச் சொல்வதும், ஓர் அறிக்கையைப் பார்த்ததும் நம்பி அவருக்குப் பாதகமாகச் சொல்வதும் ஒரே வகைத் தவறுதான். கத்திரிச் செடிகளை எரிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். எரிப்பதற்குச் சந்திரன் ஏற்கனவே ஆள் ஏற்பாடு செய்திருந்தார்.

குடிலின் வாயிலில் ஒரு கொக்கியில் ஜாக்கெட்டுகள் தொங்கின. சந்திரன் ஒன்றைத் தாம் மாட்டிக்கொண்டு, ஒன்றை எனக்குக் கொடுத்தார். உள்ளே நல்ல குளிர். சாமந்தி மொட்டுவிடும் பருவத்தில் இருந்தது. இலைகளில் அங்கங்கே சில கிழட்டுப் பேன்கள் மட்டும் ஊர்ந்தன. ஆனால் செடிகளைத் தாங்கும் வலை கட்டிய மூங்கில் கம்பங்களின் வெடிப்புகளில் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, உள்ளே கூட்டம் கூட்டமாக ஒடுங்கியிருந்தன. பப்பாளி நிறம். புள்ளி இல்லை. முட்டை இல்லை. நூலாம்படை இல்லை. கத்திரி இலையின் அடியில் நான் பார்த்துவிட்டு வந்தவையோ செங்கல் நிறம். இருபுறமும் கறுப்புத் திட்டு. சுற்றிலும் முட்டையும் நூலாம்படையும். அவை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இவை கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தன.

அப்போதுதான் சந்திரன், கொட்டகைச் சுவரை ஒட்டிய வரிசையைக் காட்டி, அந்த வரிசை மட்டும் மொட்டே வைக்கமாட்டேன் என்கிறது, மண்ணில் ஏதோ கோளாறு, அதையும் பார்த்துவிடுங்கள் என்றார். அந்த வரிசையின் இலைகளைத் திருப்பினேன். பச்சைப் பேன்கள். புள்ளிகளோடு, முட்டைகளோடு, மும்முரமாக. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால், கொட்டகைக்குள், உத்தரத்தில் ஒரு விளக்கு தொங்கியது. அது காவலுக்காக இரவெல்லாம் எரியும் விளக்கு என்று சந்திரன் சொன்னார்.

இந்த இடத்தில் நான் பொறுமையாகவே இருந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். குடிலுக்குள், செடிகள் இளசாக இருக்கும்போது மட்டும் இரவில் ஏன் விளக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். பகல் நீளமாக இருந்தால் சாமந்தி வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது என்றார். பிறகு ஏன் அணைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அப்பதான் சார் பூக்கும். பகல் சின்னதாப் போச்சு, விண்ட்டர் வரப்போகுதுன்னு செடி நெனச்சுக்கும்."

செடி அப்படி நினைத்துக்கொள்ளும் என்றால், அந்தச் செடியின்மேல் வாழ்வதும் நினைத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். அதுவும் வடநாட்டிலிருந்து அதே குச்சிகளோடு வந்தது.

சந்திரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்கு உண்மையிலேயே விண்ட்டர் வரணும்ல சார்? சிங்கப்பூர்ல ஏது விண்ட்டரு?" என்றார். சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரியவில்லை.

அலுவலக அறையில் வாக்குவாதம் நீண்டது. மருந்து அடித்தபோதெல்லாம் பேன் சாகவில்லை. நீங்கள் விளக்கை அணைத்ததும் உறங்கப் போனது, அடுத்த நடவுக்கு விளக்கைப் போட்டதும் எழுந்து வந்தது, இதில் சட்டைக்கு வேலையில்லை என்றேன். நிரூபிக்க முடியுமா என்றார். சில வாரம் வேண்டும் என்றேன். விமானம் வெள்ளிக்கிழமை என்றார். வேறோர் ஆலோசகர் பார்க்காமலேயே கையெழுத்திடத் தயாராக இருப்பதாகவும் மரியாதையாகவே சொன்னார்.

அந்த நிமிடத்தைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியும் என்று தோன்றியது, அவ்வளவுதான். தோன்றுவதை உறுதி என்று எழுதினால் நானும் அந்த அன்றைக்கே அறிக்கை கொடுத்த ஆய்வுக்கூடம்தான். தெரியாது என்று மட்டும் எழுதினால் அந்த மனிதர் விமானம் ஏறிவிடுவார். ஆகவே இப்படி எழுதிக்கொடுத்தேன்: காரணம் இன்னும் தெளிவாகவில்லை; சோதனை முடியும்வரை எந்தத் தொழிலாளியையும் காரணமாகக் காட்டுவது ஆதாரமற்றது; சோதனையில் என் கருத்து பொய்த்தால், என் பெயரைக் குறிப்பிட்டே அதை இத்துறையினர் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்ளலாம். நாற்பதாண்டுகளாகக் கறைபடாமல் காத்த பெயர். அதை ஒரு பேனின் முதுகில் ஏற்றிவைத்தேன்.

சந்திரன் இரண்டு முறை படித்தார். விமானம் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் அதுவரை செல்வராசு குடிலுக்குள் கால் வைக்கக்கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன்.

இரண்டு இடத்துப் பேன்களையும் இலைகளோடு எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அந்த அறிக்கையை எழுதியவர் தர்ஷினி, உங்கள் வயதுதான். யாழ்ப்பாண வழிக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. சந்திரன் போனிலேயே நின்று அவசரப்படுத்தியதால், இரண்டும் சிவப்பு என்று பார்த்ததும் எழுதிவிட்டதாகச் சொன்னார். நிறம் என்பது இனம் அன்று என்று தொடங்கி, எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரெட்னு கலரை வச்சுச் சொன்னேன், திட்டுறீங்க. நீங்க ஆரஞ்சுன்னு கலரை வச்சுச் சொல்றீங்க. என்ன சார் டிஃபரன்ஸ்?"

முட்டை, விளக்கு, மொட்டு வைக்காத வரிசை என்று நான் அடுக்கினேன். அதெல்லாம் நல்ல கதைதான், ஆனால் வளர்த்துப் பார்க்கவில்லையே என்றார். எனக்கு மிகுந்த எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் அந்த எரிச்சலை வைக்க இடமில்லாமல் போயிற்று.

கத்திரியிலிருந்த பேன்களையும், விளக்கு வரிசையில் முட்டையிட்டுக்கொண்டிருந்த பச்சைப் பேன்களையும் அவரைக்கொடி இலைகளில் தனித்தனியாகக் குடியேற்றினோம். முட்டையிலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றிலும் இரண்டாகப் பிரித்தோம். பாதிக்குக் குளிரும் குறுகிய பகலும். மறுபாதிக்கு அதே குளிரும் நீண்ட பகலும். எந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதபடி தர்ஷினி குறியிட்டு வைத்துக்கொண்டார். "உங்களுக்கு ரிசல்ட் மேல ஆசை இருக்கு சார்" என்று காரணமும் சொன்னார். அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பேன்கள் யாருடைய விமானத்துக்காகவும் விரைந்து வளர்வதில்லை.

அந்த இடைவெளியில்தான் நிலைமை மோசமாயிற்று. சந்திரன் உற்சாகமாக அழைத்தார்.

"சார், கம்ப்ளீட்டா போயிடுச்சு. எலையத் திருப்பிப் பாத்துட்டேன், ஒன்னுகூட இல்ல. செல்வராசு உள்ள வராம நின்னான், பேனும் நின்னுடுச்சு. இதுக்கு மேல என்ன சார் ப்ரூஃப்?"

கேட்பவர் எவருக்கும் அது நியாயமாகவே படும். விளக்கை அணைத்து அத்தனை நாளாகிவிட்டதால் எல்லாம் கம்பத்துக்குள் படுத்திருக்கும் என்று சொன்னேன். கம்பத்தைப் பிளந்து பாருங்கள் என்றேன். அதில் இருப்பவை செத்துக் காய்ந்தவை, அசையவே இல்லை என்றார். உறங்குவது அசையாது என்றேன். என் காதுக்கே அது தோற்றுக்கொண்டிருப்பவனின் வாதம் போல ஒலித்தது. தலைமை அலுவலகம் மீண்டும் விமானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதாகவும் சந்திரன் சொன்னார்.

சற்று யோசித்துவிட்டு ஒன்று கேட்டேன். அடுத்த நடவுக்கு எப்போது விளக்குப் போடுவீர்கள்? பூ வெட்டி முடிந்ததும் என்றார். புதுக் குச்சிகளை வேறு அறையில் வைத்து நன்றாகச் சோதித்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள், விளக்கைப் போடுங்கள், அதுவரை, அதன் பின்னும் நான் சொல்லும்வரை, செல்வராசுவை உள்ளே விடவே விடாதீர்கள் என்றேன். கத்திரிச் செடிகளையும் பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பச் செய்தேன். சந்திரன் குழம்பிப்போனார். நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார் போலும். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அதையே வேறொருவரும் நினைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தபோது, ஒரு மாலைக் கடையின் ஓரத்தில் செல்வராசு நின்றிருந்தார். நன்றாகச் சலவை செய்த சட்டை. என்னைப் பார்த்ததும் வணங்கினார். ஆனால் முகம் சரியாக இல்லை.

"என்னைய உள்ள விடவேகூடாதுன்னு நீங்களே சொன்னீங்களாமே சார்?"

ஆம், சொன்னேன் என்றேன்.

"அப்ப நீங்களும் என்னைய நம்பல."

பொது இடத்தில் நின்று விளக்கம் சொல்வது எனக்குப் பழக்கமில்லாதது. ஆயினும் சொன்னேன். விளக்குப் போட்டதும் பேன் எழுந்து வரும் என்பது என் கணிப்பு. நீங்கள் உள்ளே போய் வந்துகொண்டிருக்கும்போது அது வந்தால், உங்கள் சட்டையைத்தான் காட்டுவார்கள். நீங்கள் கிட்டேயே போகாமல் இருக்கும்போது வந்தால், யார் சட்டையைக் காட்டுவார்கள்?

அவர் சற்று நேரம் மாலைக் கடைக்காரர் சாமந்தியை எண்ணாமல் அள்ளித் தொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அது வரலேன்னா சார்?"

வராவிட்டால் நான் பொய்யனாவேன் என்றேன்.

"நீங்க பொய்யனானா வீட்டுக்குப் போயி ஃபேன் போட்டுப் படுத்துக்குவீங்க" என்றார். சொன்னபின் தாமே சிரித்துவிட்டார். "சரி சார். இந்தச் சனியன் வரணும்னு இப்ப நான்தான் சாமி கும்பிடணும் போல."

அந்த ஃபேன் விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆலோசனை சொல்ல உட்காரும்போது நீங்களும் மறக்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் முடிவு முதலில் வந்தது. தர்ஷினி தட்டுகளைக் காட்டினார். குளிரும் குறுகிய பகலும் கிடைத்தவற்றுள் ஒரு தட்டில் பேன்கள் கறுப்புத் திட்டோடு முட்டையிட்டுக்கொண்டிருந்தன. மற்றொன்றில் பெரும்பாலானவை பப்பாளி நிறத்தில், முட்டையே இல்லாமல், தட்டின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தன. நீண்ட பகல் கிடைத்த தட்டுகளில் இரண்டு குடும்பமும் முட்டையிட்டன. குறியீட்டைப் பிரித்தோம். உறங்கியவை குடிலிலிருந்து வந்த தாய்களின் பிள்ளைகள். அதே தாய்களின் பிள்ளைகள்தாம் நீண்ட பகலில் பச்சையாக முட்டையிட்டுக்கொண்டிருந்தவையும். கத்திரிக் குடும்பத்துக்கு உறங்கவே தெரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள்.

"இப்ப கலரை வச்சுச் சொல்லலாம் சார்" என்றார் தர்ஷினி. தம் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அவரே சந்திரனுக்கு எழுதினார். நான் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

சந்திரனுக்கு அது போதவில்லை. லேப்பில் எதையும் நடத்திக் காட்டலாம் சார் என்றார். ஆனால் விளக்குப் போட்டபின், புது நடவு தலை நிமிரும் முன்னரே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. இம்முறை உற்சாகம் இல்லை. கம்பங்களின் அடியிலிருந்து தொடங்கி, கம்பத்துக்கு அருகில் இருந்த இலைகளில் முதலில் வந்திருக்கிறது. வாயில் பக்கம் ஒன்றுமில்லை என்றார். உள்ளே போனவர்கள் யார் யார் என்று கேட்டேன். தாமும் இன்னும் இருவரும் என்றார். அந்த இருவரும் கத்திரி வளர்க்கிறார்களா என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் காட்டிய பெருந்தன்மைகளுள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை எழுதினேன். மூங்கில் கம்பங்களை நீக்கி, வெடிப்பில்லாத கம்பிகளை நடவும், இரண்டு நடவுகளுக்கிடையே குடிலைச் சில நாள் காலியாக வைத்துச் சூடேற்றவும், கொட்டகை விளக்கை மறைக்கவும் பரிந்துரைத்தேன். பேன் குளிர்நாட்டுக் குச்சிகளோடு வந்தது. ஒவ்வொரு நடவிலும் அது மறைந்ததற்குக் காரணம் குளிர்காலம் என்று முடித்தேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அறிக்கை திரும்பி வந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ 'குளிர்காலம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, எழுத்துப்பிழை போலும், திருத்தி அனுப்பவும் என்று குறித்திருந்தார்கள். திருத்தி வரும்வரை செல்வராசுவின் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் வேலையும் நிற்கும் என்றார்கள். குறைந்த வெப்பமும் குறைந்த பகலும் என்று மாற்றிவிடலாமே, ஆட்சேபிக்கமாட்டார்கள் என்று தர்ஷினி யோசனை சொன்னார். அறிவுள்ள யோசனைதான். ஒரு சொல்லுக்காக ஒருவருடைய வேலையைத் தொங்கவிடலாமா என்று நானும் தடுமாறினேன். ஆனால் அந்தச் சொல்லை நீக்கினால், அடுத்த பண்ணையில் அடுத்த சந்திரன் அடுத்த செல்வராசுவைப் பிடிப்பார். கிராஞ்சிக்குப் போய், சந்திரனிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். இம்முறை லாரியில் போனேன்.

சந்திரன் குடிலின் வாயிலில் நின்றிருந்தார். அப்போதுதான் வெளியே வந்தவர்போல ஜாக்கெட்டைக் கழற்றாமல். சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். பார்த்தார். பிறகு கண்கள் மெதுவாகத் தம் மார்பின் மேலிருந்த ஜிப்புக்குப் போயின. அவர் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தை அழைத்தார். என் எதிரிலேயே பேசினார்.

"தப்பெல்லாம் ஒன்னும் இல்ல. விண்ட்டர்தான் லா. நாமதான் கரண்ட்டு பில் கட்டி நடத்திக்கிட்டிருக்கோம். நம்பலன்னா வந்து பாருங்க. வரும்போது ஜாக்கெட் போட்டுட்டு வாங்க."

அந்தச் சொல் இன்றும் அந்த அறிக்கையில் திருத்தப்படாமல் இருக்கிறது. பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. அந்த ஆண்டு தீபாவளிக்கு அவர்கள் சாமந்தி கொடுக்கவில்லை. கம்பம் மாற்றும் வேலை முடியவில்லை. யாரும் செல்வராசுவிடம் வருத்தம் தெரிவித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

கம்பங்களைப் பிடுங்கும் வேலைக்கு அவரைத்தான் முதலில் உள்ளே அனுப்பினார்கள். அன்று நான் அங்கே இருந்தேன். வாயிலில் என்னிடம் வந்து, அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். குச்சிகளைப் பற்றியும் கம்பங்களைப் பற்றியும் விளக்குகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"என் பேரு, சார்?"

"எங்கேயும் இல்லை."

"கத்திரிக்காய் விஷயத்துலகூட இல்லையா?"

"அதிலும் இல்லை."

அவர் தலையை ஒரு முறை அசைத்தார். கொக்கியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.